சோறே நஞ்சாவது எப்படி? மாட்டு வயிற்றுக்குள் அமிலமும் காரமும்

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டுவது நம் வழக்கம். ஒரு கவளம், இரண்டு கவளம் என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால், வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு தட்டு, அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தட்டு என்று அன்பு மிகுதியில் வைத்துவிடுவதும் உண்டு. அப்படி வைத்த வீடுகளில் மறுநாள் காலை மாடு அசை போடாது, தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது, சில வேளை எழுந்திருக்கவே செய்யாது.

பொங்கலுக்கு மட்டும் நடப்பதல்ல இது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, அன்னதானத்தில் மீந்த சாம்பார் சாதம், களத்தில் குவித்துவைத்த நெல், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்ற மக்காச்சோளம், பால் கூடும் என்று வடித்துக் கொடுத்த ரேஷன் அரிசிக் கஞ்சி என எல்லாமே இதே முடிவுக்குக் கொண்டுபோகலாம். பூச்சி கடித்துவிட்டது, கண்ணேறு பட்டுவிட்டது என்று காரணம் தேடி அரை நாளைக் கடத்தும்போதுதான் மாடு கைவிட்டுப் போகிறது. உண்மையில் மாட்டின் வயிற்றுக்குள் அமிலம் எல்லை மீறிப் பெருகியிருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் இதை 'அமில நோய்' என்கிறார்கள்.

நாம் நாள்தோறும் தின்னும் சோறு மாட்டுக்கு மட்டும் ஏன் நஞ்சாகிறது? சமையல் சோடா ஏன் மருந்தாகிறது? அதே சோடா ஏன் சில நேரம் கெடுதலாகிறது? அமிலம், காரம், தாங்கல் கரைசல் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் வேதியியல் பாடத்தில்தான் இதற்கெல்லாம் விடை இருக்கிறது.

ஆரத்தித் தட்டில் இருக்கும் வேதியியல்

புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் எல்லாம் புளிக்கின்றன. இவற்றில் இருப்பது அமிலம். சுண்ணாம்பு, சமையல் சோடா, சோப்பு போன்றவை காரம். இங்கே காரம் என்றால் மிளகாயின் உறைப்பு அல்ல. அமிலத்துக்கு நேர் எதிரான தன்மை. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைப் போட்டால் ஆரத்தி சிவக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும் என்பதுதான் காரணம். அந்த ஆரத்தி நீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகும். நிறம் மாறுவதைக் கொண்டு அமிலமா காரமா என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று அளக்க 'பி.எச்.' என்ற அளவுகோல் இருக்கிறது. டென்மார்க் நாட்டு கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்ற வேதியியலாளர் 1909-ல் உருவாக்கியது அது. மண் பரிசோதனை அட்டையில் வரும் அதே பி.எச்.தான். 7 என்றால் நடுநிலை. 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை, தயிர் 4.5 அளவில், கறந்த பால் 6.6 முதல் 6.8 வரை, சமையல் சோடாக் கரைசல் 8.3 அளவில், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-க்கும் மேல்.

இந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. இரண்டு புள்ளி இறங்கினால் நூறு மடங்கு. மாட்டு வயிற்றின் பி.எச். 6.5-லிருந்து 4.5-க்கு இறங்கியது என்றால் கேட்க இரண்டே புள்ளிதான். ஆனால், உள்ளே அமிலம் நூறு மடங்கு ஏறியிருக்கிறது.

தாங்கல் கரைசல்: வீட்டிலேயே பார்க்கலாம்

செம்பருத்திப் பூ நாலைந்தை வெந்நீரில் ஊறவைத்தால் கருஞ்சிவப்பான சாறு கிடைக்கும். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் இந்தச் சாற்றைச் சிறிது விட வேண்டும். சோடா உள்ள டம்ளர் பச்சை சாயலுக்கு மாறும். பிறகு இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

வெறும் தண்ணீர் டம்ளரில் சில சொட்டுகளிலேயே நிறம் பளிச்சென்று சிவக்கும். சோடா டம்ளரில் சொட்டு விழும்போதெல்லாம் நுரை பொங்கும். நிறமோ எளிதில் சிவக்காது. பல சொட்டுகள் வரை தாக்குப்பிடிக்கும். கரைந்திருந்த சோடா தீர்ந்த பிறகுதான் சிவப்புக்கு மாறும்.

அமிலம் வந்து விழுந்தாலும் காரம் வந்து விழுந்தாலும் தன் பி.எச்.சை எளிதில் மாறவிடாமல் தாங்கிப்பிடிக்கும் இப்படிப்பட்ட கரைசலுக்குத்தான் 'தாங்கல் கரைசல்' என்று பெயர். வீரியம் குறைந்த ஓர் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருந்தால் இந்தக் குணம் வரும். சமையல் சோடாவில் இருக்கும் பைகார்பனேட், உள்ளே வரும் அமிலத்தைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாக மாறுகிறது. அது வீரியம் இல்லாத அமிலம். அது உடனே தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடுகிறது. டம்ளரில் பொங்கிய நுரை அந்த வாயுதான்.

இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. தாங்கல் கரைசல் அமிலத்தை வரவிடாமல் தடுப்பதில்லை. வந்த அமிலத்தை வாங்கிக்கொள்கிறது. அடுத்து, அது எவ்வளவு வாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் நிலைமை வேகமாக மாறிவிடும்.

நாள்தோறும் நூறு லிட்டர் உமிழ்நீர்

மாட்டுக்கு வயிறு நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த கலப்பினப் பசுவில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிக்கும் தொட்டி. அதற்குள் வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்கள்தான் வைக்கோலையும் புல்லையும் செரிக்கின்றன. மாட்டால் தனியாக நாரைச் செரிக்க முடியாது. நாரையும் மாவையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் என்ற அமிலங்கள் உண்டாகின்றன. வினிகரில் இருப்பதும் இதே அசெட்டிக் அமிலம்தான். இந்த அமிலங்களைப் பெருவயிற்றின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். பாலின் கொழுப்புக்கு அசெட்டிக் அமிலமும், பாலின் சர்க்கரைக்குப் புரோப்பியோனிக் அமிலமும் மூலப்பொருள்.

ஆக, மாட்டு வயிற்றில் அமிலம் உண்டாவது நோய் அல்ல. அதுதான் அதன் பிழைப்பு. ஆனாலும், நல்ல நிலையில் உள்ள மாட்டின் பெருவயிறு பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையிலேயே நிற்கிறது. அப்படி நிறுத்துவது அதன் உமிழ்நீர்.

வளர்ந்த பசு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதன் பி.எச். 8.2 அளவில் இருக்கும். பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. நூறு லிட்டர் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட்டைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சமையல் சோடாவுக்குச் சமம். அதாவது, மாடு தனக்குத் தேவையான சோடாவை நாள்தோறும் தானே தயாரித்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் கரியமில வாயு ஏப்பமாக வெளியேறிவிடுகிறது.

இந்த உமிழ்நீர் சுரக்க வேண்டுமானால் மாடு மெல்ல வேண்டும். நார் நிறைந்த வைக்கோலும் தட்டையும் தின்னும் மாடு ஒரு நாளில் ஏழு, எட்டு மணி நேரம் படுத்து அசை போடுகிறது. சோற்றையும் கஞ்சியையும் மெல்ல வேண்டியதே இல்லை. மெல்லாவிட்டால் உமிழ்நீர் இல்லை. உமிழ்நீர் இல்லாவிட்டால் தாங்கல் இல்லை.

சோறு உள்ளே போனால்

வைக்கோல் மெதுவாகச் செரிக்கும். அமிலமும் மெதுவாக வரும். முழு நெல் அதைவிட வேகம். அரைத்த மாவு இன்னும் வேகம். வெந்த சோறு எல்லாவற்றையும் விட வேகம். ஏனென்றால், வெந்ததில் மாவுச்சத்து குழைந்து, நுண்ணுயிர்களுக்குத் தயாராக இருக்கிறது.

திடீரென்று மாவுச்சத்து குவிந்ததும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகை நுண்ணுயிர் மளமளவென்று பெருகுகிறது. அது உண்டாக்குவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்கவைப்பதும் இதுதான். அசெட்டிக் அமிலத்தைவிட இது சுமார் பத்து மடங்கு வீரியம் கூடியது. பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்போது நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகின்றன. லாக்டிக் அமிலத்தைத் தின்று குறைக்கக்கூடியவையும் சாகின்றன. புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் மட்டும் மிஞ்சி, மேலும் மேலும் அமிலத்தை உண்டாக்குகிறது. பெருவயிறு அசைவற்று நின்றுவிடுகிறது.

கணக்கு போட்டால் ஆபத்தின் அளவு புரியும். ஒரு கிலோ மாவுச்சத்து முழுவதும் லாக்டிக் அமிலமாக மாறினால், அதை முறிக்க ஏறக்குறைய ஒரு கிலோ சமையல் சோடா வேண்டும். ஐந்து கிலோ அரிசியில் ஏறத்தாழ நான்கு கிலோ மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் ஒரே வேளையில் உள்ளே போனால், மாடு நான்கு நாள் சுரக்கும் உமிழ்நீரின் சக்தி சில மணி நேரத்தில் தேவைப்படுகிறது. அவ்வளவு கையிருப்பு எந்த மாட்டிடமும் இல்லை.

அடுத்து உடம்பில் உள்ள நீர் பெருவயிற்றை நோக்கி இழுக்கப்படுகிறது. அதனால் வயிறு தண்ணீர்த் தொட்டிபோல் தளும்ப, கண்கள் குழிவிழுகின்றன. அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தின் பி.எச். 7.4 அளவில் நிற்க வேண்டியது; அங்கேயும் பைகார்பனேட்தான் காவல். அந்தக் காவலும் தளர்ந்தால், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மாடு இறந்துவிடலாம். பிழைத்த மாட்டுக்கும் பெருவயிற்றின் உட்சுவர் புண்ணாகி, ஈரலில் சீழ்க்கட்டி, குளம்பு அழற்சி என்று பின்விளைவுகள் வருவதுண்டு.

அறிகுறிகள்

• தின்ற சில மணி நேரத்தில் தீவனம் எடுக்காது; அசை போடுவது நிற்கும்.
• இடது பக்க வயிறு உப்பியிருக்கும். அழுத்தினால் மாவு பிசைந்ததுபோல் அல்லது தண்ணீர் தளும்புவதுபோல் இருக்கும்.
• பல்லைக் கடிக்கும், வயிற்றை உதைத்துக்கொள்ளும்.
• சாணம் இளகி, சாம்பல் நிறமாக, புளித்த வாடையோடு போகும். செரிக்காத தானியம் தெரியும்.
• கண் குழிவிழும். தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வரும்.
• தள்ளாடி நடக்கும். முற்றிய நிலையில் தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும்.

கடைசியில் சொன்னது பால் காய்ச்சலிலும் வரும். பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று ஈன்ற சில நாளுக்குள் வருவது. மருத்துவர் வந்ததும் மாடு என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்வது பாதி வைத்தியம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் பெருவயிற்றுச் சாற்றைச் சிறிது எடுத்து பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பார். பச்சை கலந்த பழுப்பாக இருக்க வேண்டிய சாறு, அமில நோயில் பால் கலந்த சாம்பல் நிறமாக, புளித்த நெடியோடு இருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

மாடு சோற்றையோ தானியத்தையோ அளவுக்கு மீறித் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் மிச்சத் தீவனத்தை அப்புறப்படுத்த வேண்டும். அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மருத்துவர் வரும்வரை நல்ல வைக்கோலை முன்னால் போட்டுவைக்க வேண்டும். மாடு மென்றால் உமிழ்நீர் வரும். மணிக்கு ஒரு முறை மெதுவாக நடக்கவிட வேண்டும்.

மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்கும் நிலையில், வயிறு உப்பாமல் இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சமையல் சோடா 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். ஆட்டுக்கு 10 கிராம் போதும். தலையை மிக உயரத் தூக்கக் கூடாது. நாக்கை இழுத்துப் பிடிக்கக் கூடாது. மருந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டு, அதுவே உயிரை எடுக்கும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் வாயில் ஊற்றவே கூடாது.

வயிறு உப்பியிருந்தால் சோடா ஏன் கூடாது? 100 கிராம் சமையல் சோடா அமிலத்தோடு சேரும்போது 25 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளிவருகிறது. ஏப்பம் விட முடியாத மாட்டுக்கு அது மூச்சுமுட்டலில் முடியும். அதனால்தான் முற்றிய நிலையில் மருத்துவர்கள் வாயு உண்டாக்காத மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் ஏறிய அமிலத்துக்குச் சோடா கலந்த திரவத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து தானியத்தை அள்ளி வெளியே எடுப்பதும் உண்டு. பிறகு, நலமாக உள்ள மாட்டின் பெருவயிற்றுச் சாற்றை எடுத்து நோயுற்ற மாட்டுக்குப் புகட்டுவார்கள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, செத்துப்போன நல்ல நுண்ணுயிர்களை மீண்டும் குடியேற்றும் வேலை அது.

சத்தமில்லாத அமில நோய்

மாடு படுத்துவிடும் அளவுக்குப் போகாமல், நாள்தோறும் சில மணி நேரம் பி.எச். 5.5 அளவுக்கு இறங்கி ஏறுவதும் உண்டு. அடர் தீவனம் மிகுதி, உலர் தீவனம் குறைவு என்று வளர்க்கும் கறவை மாடுகளில் இது அதிகம். மாடு நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால், பால் கூட்டுறவு சங்கத்தில் கொழுப்பு அளவு இறங்கும், விலையும் இறங்கும். ஒரு நாள் நன்றாகத் தின்னும், மறுநாள் ஒதுக்கும். சாணம் ஒரு நாள் இறுகும், ஒரு நாள் இளகும். மாதங்கள் கழித்துக் குளம்பு வலித்து நொண்டும். கொழுப்பு குறைகிறதே என்று இன்னும் ஒரு கிலோ மாவைக் கூட்டினால் நோய் முற்றும்.

இதை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. படுத்து அசை போடும் மாட்டைக் கவனித்து, ஓர் உருண்டையை மேலே கொண்டுவந்து விழுங்கும்வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ண வேண்டும். 50 தடவைக்கு மேல் என்றால் நார் போதும். மிகக் குறைவாக இருந்தால் நார் போதவில்லை.

கோடையில் இந்தத் தொல்லை கூடுகிறது. வெயிலில் மாடு இரைக்கும்போது கரியமில வாயு வேகமாக வெளியேறுகிறது. அதைச் சமன்செய்ய உடம்பு பைகார்பனேட்டைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. வாயிலிருந்து வழிந்து தரையில் போகும் உமிழ்நீரும் வயிற்றுக்குப் பயன்படாது. தாங்கலுக்கான கையிருப்பு இரு பக்கமும் கரைகிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அமில நோய்க்கும் தடுப்பு மருந்து.

தடுக்கும் வழிகள்

• காலையில் முதலில் வைக்கோல் அல்லது தட்டை. அதன் பிறகே அடர் தீவனம்.
• அடர் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.
• தீவனத்தை மாற்றும்போதும் கூட்டும்போதும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்ய வேண்டும். நுண்ணுயிர்களும் பெருவயிற்றுச் சுவரும் பழக அவ்வளவு நாள் தேவை.
• தட்டையைத் தூளாக அரைக்கக் கூடாது. ஓரிரு அங்குல நீளத்துக்கு நறுக்கினால் மாடு மெல்லும்.
• பால் அதிகம் கறந்து, அடர் தீவனமும் அதிகம் தின்னும் மாடுகளுக்கு, மருத்துவர் ஆலோசனையோடு நாளைக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைத் தீவனத்தில் கலந்து இரு வேளையாகக் கொடுக்கலாம். குடிதண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும்.
• நெல், மக்காச்சோளக் குவியலுக்கு அருகே மாட்டையோ ஆட்டையோ கட்டக் கூடாது. இரவில் முடிச்சை ஒரு தரம் சரிபார்ப்பது நல்லது.
• பொங்கல், விசேஷ நாட்களில் ஒரு கைப்பிடி ஊட்டியதும் போதும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு

வயிறு உப்பிய மாட்டுக்கெல்லாம் சோடா புகட்டுவது தவறு என்பதற்கு இன்னொரு காரணம் யூரியா. உர மூட்டையைக் கிழித்து யூரியாவைத் தின்ற மாட்டுக்கும், யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்த மாட்டுக்கும் வயிறு உப்பும். ஆனால், அங்கே நடப்பது நேர் எதிர். பெருவயிற்றில் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா காரம், பி.எச். மேலே ஏறுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வாயில் நுரை, தசை நடுக்கம், மூச்சுத்திணறல் என்று வேகமாகத் தெரியும். இதற்குச் சோடாவைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகும்.

யூரியா நஞ்சுக்கு மருந்து வினிகரும் ஏராளமான குளிர்ந்த தண்ணீரும். பெரிய மாட்டுக்கு வினிகர் 2 லிட்டரும் அதற்கு மேலும் தேவைப்படும். அமிலம் சேர்ந்ததும் அம்மோனியா, வயிற்றுச் சுவரைத் தாண்ட முடியாத அம்மோனியமாக மாறி உள்ளேயே அடைபடுகிறது. இரத்தத்துக்குப் போகும் நஞ்சு குறைகிறது. சோறு தின்ற மாட்டுக்குக் காரம். யூரியா தின்ற மாட்டுக்கு அமிலம். எது தின்றது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

கேள்வி – பதில்

கேள்வி: சமையல் சோடா கையில் இல்லை. சலவை சோடா கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சலவை சோடா வேறு பொருள். அதன் காரம் மிகக் கூடுதல். வாய், தொண்டை, வயிறு எல்லாம் புண்ணாகும். மளிகைக் கடையில் ஆப்ப சோடா என்று விற்கும் சோடியம் பைகார்பனேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பேக்கிங் பவுடரும் சரிவராது. அதிலேயே அமிலம் கலந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் தெளிந்த சுண்ணாம்பு நீர் புகட்டுவார்கள். பி.எச். 12 என்றால் அது சோடாவைவிட நல்லதுதானே?

பதில்: பி.எச். கூர்மையைச் சொல்கிறது, கையிருப்பைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஒன்றரை கிராம் அளவுதான். அது முறிக்கும் அமிலம், மூன்றரை கிராம் சமையல் சோடா முறிக்கும் அளவே. தெளியாத சுண்ணாம்பைப் புகட்டினால் தொண்டை வெந்துவிடும். பெருந்தீனி தின்ற மாட்டுக்கு அதை நம்பி இருக்கக் கூடாது.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கழுநீரும் வடிகஞ்சியும் வைக்கிறோம். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: நாள்தோறும் ஒரே அளவில், குறைவாக, வைக்கோலோடு வைக்கும்போது நுண்ணுயிர்கள் பழகியிருக்கும். உமிழ்நீரும் ஈடுகொடுக்கும். பழக்கமில்லாத மாட்டுக்கு வைப்பதும், பழகிய மாட்டுக்கே ஒரு நாள் மட்டும் நான்கு மடங்கு வைப்பதும்தான் ஆபத்து.

கேள்வி: ஆடு மக்காச்சோளம் தின்றுவிட்டு இரண்டே மணி நேரத்தில் செத்துவிட்டது. இதுவும் அமில நோயா?

பதில்: இருக்கலாம். ஆனால், திடீரென்று தானியம் தின்ற ஆடுகளில் துள்ளுமாரி நோயும் வரும். அதில் இறப்பு மிக வேகமாக இருக்கும். துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. இறந்த ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி காரணத்தை உறுதி செய்துகொண்டால், மிச்சம் உள்ள ஆடுகளைக் காப்பாற்றலாம்.

கேள்வி: யூரியா நஞ்சு என்கிறீர்கள். வைக்கோலில் யூரியா தெளித்து ஊட்டம் ஏற்றச் சொல்கிறார்களே?

பதில்: முறையாகச் செய்தால் நல்லது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். அப்போது உண்டாகும் அம்மோனியா என்ற காரம், நாரின் கட்டை இளக்கிச் செரிமானத்தைக் கூட்டுகிறது. பிறகு, வைக்கோலைத் திறந்து காற்றாடவிட்டு நெடி போனபின் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. கரைக்கும் வாளியை மாடு நக்காத இடத்தில் வைக்க வேண்டும்.